தாழ்ப்பாளைத் தேடிய பாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் பெரிய ஆளாக்கியதில்லை. என் மூலமாக மேடையேறிய ஒருவர் பெயரைக்கூட நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை, இப்போதும் வெட்கப்படப் போவதில்லை.

யாருக்கும் தெரியாத பாடகர்களைத் தேடிப் பிடித்து, 'இவரைக் கொஞ்சம் கேளுங்கள்' என்று நாலு பேரிடம் சொல்கிற வேலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் கையில் போன் இருக்கிறது. என்னிடம் ஒரு சைக்கிளும், காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை வாசலில் போட்ட பெஞ்சும் இருந்தன. மற்றபடி வேலை ஒன்றுதான்.

அறுபதுகளில் கல்யாணம் என்றால் முகூர்த்தப் புடவைக்குக் காஞ்சிபுரத்துக்குத்தான் வருவார்கள். குடும்பமே வேனில் வந்து இறங்கும். பெண்கள் உள்ளே புடவையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, ஆண்கள் வாசலுக்கு வந்து வெற்றிலை போடுவார்கள். அப்போது பேச்சு எப்படியும் கச்சேரிப் பக்கம் திரும்பும். 'ரிசப்ஷனுக்கு யாரை வைக்கலாம்?' என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். 'கச்சேரி புரோக்கர்' என்பார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். தறியில் உட்கார எனக்குப் பொறுமை போதவில்லை. ஆனால் காது மட்டும் நன்றாக வேலை செய்தது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். எங்கள் பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பத்துப் பையன் ஒருவன் கிளாரினெட் வாசிப்பான். அப்படி ஒரு மூச்சு. அவனை ஒரு கல்யாண வீட்டுக்காரரிடம் விற்பதற்காக, அப்போது நாடு முழுக்கப் பிரபலமாக இருந்த ஒரு வித்வானின் பெயரைச் சொல்லி, 'அவரு மாதிரியே வாசிப்பான்' என்றேன். கூட்டம் அந்தப் பெரியவரை மனதில் வைத்துக்கொண்டே கேட்டது. கேட்டுவிட்டு, 'அவரு மாதிரி இல்லியே' என்றது. அவ்வளவுதான். மறுநாள் அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்னை எதுக்குண்ணா இன்னொருத்தர் நெழல்ல நிக்க வச்ச? எனக்கு நெழல் இல்லியா?"

அதற்குப் பிறகு அவன் வெளியே வாசிக்கவில்லை. இது என் தப்பு. இன்றைக்கும் நீங்கள் எழுதுகிற குறிப்புகளில் 'இவர் அடுத்த இன்னார்' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் தெரிகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆளை ஆளாகச் சொல்லுங்கள். சொல்ல வார்த்தை வரவில்லை என்றால், நீங்கள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

இனி பத்மாவதி அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

தாமல் ஏரியைத் தாண்டி ஒரு கிராமத்துக்குக் கூத்து ஏற்பாடு ஒன்றுக்காக சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல வெயில். கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் ஓர் ஆண் பாடுவதுபோல் கேட்டது. சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். ஆணில்லை. நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செடியை உதறிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த குரல். அப்போது பெண் பாடகி என்றால் குரல் மேலே, கீச்சென்று, கம்பிபோல் இருக்க வேண்டும் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. இந்தக் குரலோ ஈரமண் மாதிரி இருந்தது. மெட்டும் நான் எங்கும் கேட்காத மெட்டு.

"யார் பாட்டுக்கா இது?" என்று வரப்பில் நின்றபடியே கேட்டேன்.

"யார் பாட்டுன்னா? நான் கட்டினதுதான். ஏன், நல்லா இல்லியா?"

அந்த நிலம் அவர்களுடையதுதான். ஜைன விவசாயக் குடும்பம். ஊர் ஜினாலயத்தில் திருவிழா நாட்களில் பாடுவாராம். கணவர் ஹார்மோனியம் வாசிப்பார். அந்த மனிதர் வாயைத் திறந்து நான் கேட்டதே இல்லை. பேச வேண்டியதை எல்லாம் துருத்தியிடமே பேசிவிடுவார். வெளியூரில் பாட வருவீர்களா என்று கேட்டேன். பத்மாவதி அக்கா மூன்று விஷயம் சொன்னார்.

"பொழுது சாயறதுக்குள்ள நாங்க சாப்ட்டாகணும், அதுக்கப்புறம் தண்ணி கூட யோசிச்சுதான். நான் கட்டின பாட்டுதான் பாடுவேன். எவனாவது சினிமா பாட்டு பாடச் சொன்னா எழுந்து வந்துடுவேன், அப்பறம் உன் மானம் போச்சுன்னு என்கிட்ட வந்து அழக்கூடாது."

முதலில் எங்கள் பாளையத்திலேயே ஓர் அம்மன் கோயில் விழாவில், பகலில் பாட வைத்தேன். கூட்டத்தில் பாதிப்பேர் பத்தே நிமிடத்தில் எழுந்து போனார்கள். 'இது என்னாபா பொம்பள கொரலா?' என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். மீதிப்பேர் அசையவில்லை. போனவர்களை நான் எண்ணவில்லை. இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்த ஒரு பெண், கையில் நூற்கண்டோடு கடைசிவரை நின்றபடியே கேட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்கும் அது போதுமாக இருக்க வேண்டும். எழுந்து போகிறவர்களுக்காக நீங்கள் ரசனையை மாற்ற ஆரம்பித்தால், கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்து இழப்பீர்கள்.

நான் பெஞ்சு போட்டிருந்த பட்டுக்கடையின் முதலாளிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கமலாவை வேலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டாவது பெண்ணின் கல்யாணம் நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டார்.

"வரதா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மெட்ராஸ். அவங்க கேக்காத பாட்டே இல்ல. அவங்க கேக்காததா ஒண்ணு வேணும். புதுசா யாரு இருக்காங்க?"

"இருக்காங்க மொதலாளி. ரொம்பப் புதுசா இருக்கும்."

இவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மாவின் குரல் எப்படிப்பட்டது, பாட்டில் என்ன வரும் என்பதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்ற பயம். பத்மாவதி அக்கா விஷயத்தில் என் பேரில் குற்றம் என்று ஒன்று உண்டென்றால் இது ஒன்றுதான். மறைத்து விற்றேன். பரிந்துரைக்கிறவன் முழுசாகச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லட்டும்.

ரிசப்ஷன் ஐந்து மணிக்கு என்றார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர ஏழு ஆகிவிட்டது. நல்லவேளை, பத்மாவதி அக்கா விவரமானவர். வரும் வழியிலேயே வண்டியில் சாப்பாட்டை முடித்திருந்தார். முதல் இரண்டு பாட்டும் நன்றாகத்தான் போயின. மூன்றாவதாக ஒரு மாட்டுப் பாட்டை எடுத்தார்.

விற்ற பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு, மூன்று ஊர் தாண்டி, பழைய வீட்டுக்கே திரும்பி வருகிற கதை அது. வாங்கினவன் அடித்த தழும்போடு வந்து வாசலில் நிற்கிறது. வீட்டுக்காரன் கதவைச் சாத்துகிறான்.

'வித்த கையி கதவச் சாத்துது
வளத்த கையி தாழ்ப்பாளத் தேடுது...'

அந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் சலசலப்பு. கல்யாண வீட்டில், போன இடத்திலிருந்து திரும்பி வருகிற பாட்டு! மாப்பிள்ளையின் மாமா எழுந்தே நின்றுவிட்டார். "என்னய்யா, பொண்ணு திரும்பி வரும்னு இப்பவே பாட்டு போடறீங்களா?" முதலாளி முகம் சிவந்துபோய் என்னிடம் ஓடி வந்தார்.

"நிறுத்தச் சொல்லு! இப்பவே!"

"இன்னும் ரெண்டு அடிதான் மொதலாளி."

"மைக்கை அணைங்கடா!"

மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபையர் பக்கம் கையை நீட்டினார். நான் போய் அதற்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். "நகருப்பா, எனக்குப் பொழப்பு கெட்டுடும்" என்றார் அவர். "எனக்குந்தான். முடியட்டும்" என்றேன்.

வீம்புக்காக நிற்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பாட்டை அங்கே நிறுத்தினால் மாடு வாசலிலேயே நிற்கும், கதவு சாத்தியே கிடக்கும். அதுதான் அபசகுனம். கடைசி அடியில் வீட்டுக்காரி வந்து தாழ்ப்பாளை எடுக்கிறாள், மாடு உள்ளே வருகிறது. அதுவரைக்கும் பாட வேண்டும். பத்மாவதி அக்கா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

கைதட்டலா? ஒன்றுமில்லை. எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். ஹார்மோனியத்தை நானே வண்டியில் ஏற்றினேன். "இனிமே அந்தப் பொம்பள பேரு என் காதுல விழக்கூடாது" என்றார் முதலாளி. பெஞ்சை எடுக்கச் சொல்லவில்லை. என்னிடம் வருகிறவர்கள் அவர் கடைக்குள்ளும் போவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஆடி மாதம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, காமாட்சி அம்மன் கோயில் பிராகாரத்தில் முதலாளியின் மனைவி என்னைக் கூப்பிட்டார். என்னிடம் அதுவரை நேரடியாகப் பேசியதே இல்லை.

"வரதா, அந்தப் பாட்டுக்காரம்மாவை எங்க வீட்டுக்குக் கூட்டிக்கினு வருவியா? அவரு கடைக்குப் போனப்புறம். பின்வாசலாண்ட வந்தா போதும்."

"எதுக்கும்மா?"

பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். கமலாவின் புருஷன் கை நீட்டுகிறவன். ஏற்கெனவே இரண்டு முறை ஓடி வந்துவிட்டாள். இரண்டு முறையும் முதலாளி அன்றைக்கே பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். தங்கை கல்யாணத்துக்குக்கூடப் புருஷன் வீட்டில் அவளை அனுப்பவில்லை. இப்போது எப்படியோ ஆடிக்கு வந்திருக்கிறாள்.

"மாசம் முடிஞ்சா திருப்பி அனுப்பணும்னு சொல்லிக்கினு இருக்காரு. அன்னிக்கு நான் திரைக்குப் பின்னாடி நின்னு அந்தப் பாட்டைக் கேட்டேன்பா. கமலாவும் ஒரு தடவ கேக்கணும்."

அன்று மத்தியானமே தாமல் பக்கம் போனேன். பத்மாவதி அக்கா களத்தில் கடலைக்காயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்றார்.

"அவங்கம்மாதான் கேட்டாங்க."

"அது கேக்கணும்னு நெனைக்குதான்னு மொதல்ல போய்க் கேட்டுக்கினு வா. வேணாம்னு நெனைக்கிறவ காதுல நான் பாட மாட்டேன். அப்பறம் இன்னொண்ணு. பின்வாசலாண்ட நான் வர மாட்டேன். நான் என்ன திருடியா? என் வண்டி முன்வாசல்ல நிக்கும். ரெண்டு கதவையும் தொறக்கச் சொல்லு."

திரும்பிப் போய் வேலைக்காரம்மா மூலமாகச் சொல்லி அனுப்பினேன். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பட்டுக்கார வீதியில், நாலு பேர் பார்க்க, முதலாளியின் மனைவி முன்கதவைத் திறப்பார் என்று நான் நம்பவில்லை. மறுநாள் பதில் வந்தது. கமலா கேட்க வேண்டும் என்கிறாள். கதவு திறந்திருக்கும்.

திறந்திருந்தது. இரண்டு கதவும். பதினோரு மணி வெயிலில் மாட்டுவண்டி வாசலில் நின்றது. எதிர்வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நான் வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. மைக் இல்லாமல் அந்தக் குரல் இன்னும் நன்றாக இருந்தது.

பாட்டு முடிந்தது. பிறகு ஓர் இளம் குரல், கமலாவுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

"அந்த மாடு அப்பறம் திரும்பிப் போச்சாக்கா?"

"நான் கட்டின பாட்டுல போகலம்மா" என்றார் பத்மாவதி அக்கா.

ஆடி முடிந்தது. கமலா போகவில்லை. அம்மாவும் பெண்ணுமாகச் சேர்ந்து சொல்லிவிட்டார்களாம், போவதில்லை என்று. அதற்கு அடுத்த நாள் காலை, கடை திறந்த கையோடு முதலாளி வாசலுக்கு வந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள், கணக்குப்பிள்ளை, புடவை வாங்க வந்த ஒரு குடும்பம், பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

"என் குடும்பத்தைப் பாட்டுப் போட்டுக் கலைச்சிட்டியேடா!"

எனக்கு ஒரு பதில் தெரியும். அவர் பெண்ணின் முதுகில் என்ன இருக்கிறது என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் முதலாளி அங்கேயே வாயடைத்துப் போயிருப்பார், தெருவே என் பக்கம் வந்திருக்கும். நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் அந்த வலி அவளுடையது. நான் என் பெஞ்சைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பதினைந்து ஆண்கள் நடுவில் எடுத்துப் போடக்கூடியது அல்ல. விழுங்கிவிட்டேன். என் தொழிலில் நான் செய்த சரியான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பேசியதை அல்ல, பேசாததை.

கணக்குப்பிள்ளை ஒரு காகிதத்தை நீட்டினார். முன்பே எழுதி வைத்திருந்தார்கள். 'மேற்படி பாடகியைத் தெரியாமல் அனுப்பிவிட்டேன். இனி இந்த ஊரில் எந்த வீட்டுக்கும் அனுப்பமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.' கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"போட்டுட்டு ஒக்காரு. இல்லன்னா எடத்தைக் காலி பண்ணு" என்றார் முதலாளி.

"இதுல 'தெரியாமல்'னு எழுதியிருக்குது மொதலாளி. தெரிஞ்சுதான் அனுப்புனேன்" என்றேன். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெஞ்சைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். அந்தச் சாலையில் வேறு எந்தக் கடைக்காரரும் எனக்கு வாசல் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கடையாகக் கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். கடைசியில் பஸ் ஸ்டாண்டில், வாழைப்பழக்காரர் ஒருவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. வருமானம் பாதியாகப் போயிற்று. வீட்டில் திட்டு விழுந்தது. இதையெல்லாம் மறைத்து உங்களுக்கு இனிப்புக் கதை சொல்ல நான் வரவில்லை. ஒருவரைப் பரிந்துரைப்பது என்றால் அவருக்காக எதையாவது இழக்கத் தயாராக இருப்பது. இழக்க ஒன்றுமே இல்லாத பரிந்துரைக்கு விளம்பரம் என்று வேறு பெயர் இருக்கிறது.

கமலா டைப்ரைட்டிங் படித்து, செவிலிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி அதற்குப் பிறகு கடைசிவரை என்னிடம் பேசவில்லை. ஆனால் மூன்றாவது முறை அவளை பஸ் ஏற்றவும் இல்லை. பத்மாவதி அக்கா ஊர் ஊராகப் பாடினார். மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் குரலைக் கொஞ்சம் மெல்லிசாக மாற்றிக்கொண்டால் பெரிய இடத்துக்குப் போகலாம் என்றார். 'கழுத்தை நெரிச்சுக்கினா மெல்லிசா வரும்' என்று சொல்லி, மோர் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார் அக்கா. பெரிய இடத்துக்கு அவர் போகவில்லை.

பெஞ்சு போன அன்றைக்கே மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. யாராவது ஒருவர் 'ஐயோ பாவம்' என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இடம் பிடித்ததுவரை நடந்ததைச் சொன்னேன். அவர் ஐயோ என்றும் சொல்லவில்லை, பாவம் என்றும் சொல்லவில்லை. கணவரைப் பார்த்து, "அந்தப் பெட்டியை எடுங்க" என்றார். அவர் ஹார்மோனியத்தை எடுத்து வந்து வைத்தார்.

"புதுசா ஒண்ணு கட்டியிருக்கேன் தம்பி. இதைப் பாடினா உனக்கு பஸ் ஸ்டாண்டும் இல்லாமப் போயிடும். பாடட்டுமா?"

"பாடுங்கக்கா" என்றேன்.